பதினேழாம் நம்பர் பை

எங்கள் சாமி இருக்கும் சோலைக்குள் போனால், திரும்பும்போது எல்லைக்கல் அருகே நின்று இரண்டு பாதத்தையும் தட்டிவிட்டுத்தான் வெளியே கால் வைப்போம். உள்ளே கிடக்கும் சுள்ளியை அடுப்புக்கு எடுக்க மாட்டோம். பழுத்து விழுந்த பலாவை அங்கேயே உட்கார்ந்து தின்னலாம், கொட்டையை அங்கேயே போட்டுவிட வேண்டும். மண்ணும் அப்படித்தான். காலில் ஒட்டியதுகூட அவருடையது, நம் வீட்டுக்கு வரக்கூடாது. இதை யாரும் எனக்கு உட்காரவைத்துச் சொன்னதில்லை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த மறுநாள், முன்னால் போனவர்கள் காலைத் தட்டினார்கள், நானும் தட்டினேன். அதோடு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்தது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். சொன்ன பிறகும் சிலருக்கு அப்படித்தான் தெரியும்.

மலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் எதையாவது அளந்துகொண்டுதான் போகிறார்கள். வனத்துறை மரத்தை எண்ணும். ரெவின்யூக்காரர்கள் சங்கிலி இழுப்பார்கள். டூரிஸ்ட்டுகள் கொண்டை ஊசி வளைவை எண்ணிக்கொண்டே வாந்தி எடுப்பார்கள். போன மாசி மாதம் வந்தவர்கள் மண்ணை அளக்க வந்தார்கள். அரசாங்கத்தில் கல்லையும் மண்ணையும் ஆராய்வதற்கென்றே ஒரு துறை இருக்கிறதாம். எந்த மலையில் எந்தப் பாறை கிடக்கிறது, அதற்குள் என்ன தாது இருக்கிறது என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்து வரைபடத்தில் குறிப்பது அவர்கள் வேலை. எங்கள் மலையூர்கள் சேர்ந்த எடப்புளி நாட்டுப் பக்கம் குழி வெட்டவும் பை சுமக்கவும் ஆள் கேட்டார்கள்.

வீட்டுக்காரர் போகவேண்டிய வேலை அது. அவர் அதற்கு முந்தின வருஷம் மிளகு பறிக்க ஏறி, ஏணி சரிந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். கனம் தூக்கக்கூடாது என்று சேலம் டாக்டர் சொல்லிவிட்டார். அவர் தூக்காத கனம் எல்லாம் அன்றிலிருந்து என் தலைக்கு வந்தது. கிழங்கு மூட்டை, தண்ணீர், விறகு. அதோடு இதுவும் ஒன்று என்று போனேன்.

ஆபீசர் ஒரு பெண்பிள்ளை. மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் கட்டிக்கொடுத்த என் மகள் வயதுதான் இருக்கும். தெற்கே கடற்கரைப் பக்கம் சொந்த ஊர் என்றாள். தலையில் தொப்பி, கையில் சுத்தியல், கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி. கல்லை உடைத்து, எச்சில் தொட்டு ஈரமாக்கி, கண்ணருகே வைத்துப் பார்ப்பாள். எல்லோரும் மேடம் என்றார்கள். எனக்குப் பாதி நேரம் கண்ணு என்றுதான் வாயில் வரும். அவள் கோபித்துக்கொண்டதில்லை.

வேலை இப்படி. ஜிபிஎஸ் கருவி காட்டும் இடத்தில் இடுப்பளவு குழி வெட்ட வேண்டும். ஆபீசர் குழிக்குள் இறங்கி, மண்ணின் நிறம், கல்லின் அளவு எல்லாம் நோட்டில் எழுதுவாள். பிறகு குழியின் சுவரை மேலிருந்து கீழாகச் சுரண்டி, மண்ணைத் தார்ப்பாயில் கொட்டிக் கலந்து, நாலு பங்காகப் பிரிக்க வேண்டும். எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை மறுபடி கலந்து மறுபடி நாலு பங்கு. கடைசியில் இரண்டு கிலோ மண் வெள்ளைத் துணிப்பையில் போகும். உள்ளே நம்பர் எழுதிய சீட்டு, வெளியேயும் நம்பர். களி கிண்டிப் பழகின கைக்கு அந்தக் கலக்கல் சுலபமாக வந்தது. "அக்கா பிரிச்சா சரியா இருக்கும்" என்று ஆபீசர் அந்த வேலையை என்னிடமே விட்டுவிட்டாள். பையை ஜீப் நிற்கும் ரோடுவரை தலைச்சுமையாகக் கொண்டுபோவதும் நான்தான்.

சோலைக்குள் ஒரு இடம் கருவியில் விழுந்தது. எல்லைக்கல்லைத் தாண்டி நாலைந்து அடிதான். ஆபீசர் தானாகவே பூசாரியிடம் போய்க் கேட்டாள். பூசாரி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பாத்துட்டுப் போவட்டும், பாத்தா என்ன கொறஞ்சா போவுது" என்றார். பார்ப்பது என்றால் அங்கேயே பார்ப்பது என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன், அத்தனை பை சுமந்த பிறகும். எல்லைக்கல் அருகே ஆபீசர் யாரும் சொல்லாமலே பூட்ஸைக் கழற்றினாள். வெறும் காலோடு குழிக்குள் இறங்கினாள். மண் கறுப்பாக, பிசுபிசுப்பாக, இலை மக்கிய வாசனையோடு இருந்தது. கருமண் என்று நோட்டில் எழுதினாள். வெளியே வரும்போது எங்களைப் பார்த்து அவளும் காலைத் தட்டினாள்.

பிறகு பதினேழு என்று நம்பர் போட்ட பையை என் கையில் கொடுத்தாள்.

அப்போதே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் கேட்கிற பிள்ளைதான். ஆனால் பூட்ஸைக் கழற்றின பிள்ளையிடம், காலைத் தட்டின பிள்ளையிடம், நீ செய்தது போதாது என்று எப்படிச் சொல்வது? கூலிக்கு வந்தவள் பேச்சு எதற்கு என்ற பயமும் இருந்தது. இரண்டு கிலோ சாமி மண்ணைச் சும்மாட்டின் மேல் வைத்துக்கொண்டு எல்லைக்கல்லைத் தாண்டினேன். கால் மண்ணைத் தட்டிவிட்டு, தலையில் மண்ணோடு.

ரோட்டுக்குப் போகும் வழியில்தான் எங்கள் காடு. எங்கள் பக்கம் வெள்ளாமை செய்கிற மேட்டு நிலத்தைக் காடு என்போம். செம்மண், அதுவும் நல்ல செம்மண் இல்லை. மம்பட்டி போட்டால் கல்லுக் கல்லாக மோதும், புளியங்கொட்டை மாதிரி உருண்டைச் சிவப்புக் கல். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி தவிர எதுவும் ஒழுங்காக வராது. வரப்பில் சுமையை இறக்கினேன். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். முடிச்சை அவிழ்த்து, கறுப்பு மண்ணை முந்தானையில் கொட்டினேன். சீட்டை ஊதிச் சுத்தம் செய்தேன். எங்கள் காட்டிலேயே ஒரு இடத்தில் சுரண்டி அதே அளவு மண்ணைப் போட்டுப் பழையபடி கட்டினேன். பக்கத்துக் காடு ஓடை ஓரம், அங்கே கருமண்தான். ஆனால் அடுத்தவர் மண்ணை எடுக்க மனசு வரவில்லை. மண்ணில் என்ன இருந்துவிடப் போகிறது என்ற எண்ணம்தான். ஆபீசுக்கு ஒரு பை மண் வேண்டும், கொடுத்தாயிற்று. சாமி மண் சாமிக்கு.

அந்த மண்ணை வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. ஒரு கூடையில் போட்டு, வாழை இலையால் மூடி, வாசலுக்கு வெளியே பலாமரத்தடியில் வைத்தேன். மறுநாள் வேலைக்குப் போகுமுன் சோலைக்குப் போய் அதே குழியில் கொட்டி, மேலே சருகைத் தள்ளிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. மனசு லேசாக இருந்தது, ஒரு நல்ல காரியம் செய்த மாதிரி.

ஆவணியில் ஆபீசர் திரும்ப வந்தாள். ஜீப்பை விட்டு இறங்கினதும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். காப்பி போட்டுக் கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, அந்தப் பதினேழாம் நம்பர் பை ஞாபகமிருக்கா? சோலையில எடுத்தது."

இருக்குதுங்க என்றேன்.

"அதுல மட்டும் அலுமினியத் தாது அவ்வளவு வந்திருக்கு. நான் கருமண்ணுன்னு எழுதியிருக்கேன். லேப்புல வேற சொல்றாங்க. எனக்கே புரியல."

மேலதிகாரி உத்தரவு போட்டிருந்தார். சோலை முழுக்க வரிசையாகக் குழி வெட்டிப் பார்க்க வேண்டும். துளை போடும் மெஷின் வரும். மெஷின் உள்ளே போக வழி வேண்டும், வழிக்கு மரம் வெட்ட வேண்டும். இது வெறும் ஆய்வுதான், யாரும் நாளைக்கே சுரங்கம் தோண்டப்போவதில்லை என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். டம்ளரை வாங்கிக் கழுவினேன். ஏற்கனவே கழுவின டம்ளரையும் கழுவினேன்.

ஊரில் கூட்டம் போட்டார்கள். சத்தம் போட்டவர்கள், கலெக்டருக்கு மனு எழுதலாம் என்றவர்கள், தாது இருந்தால் ரோடாவது நல்லா வரும் என்றவர்கள். எல்லாரும் பேசி ஓய்ந்த பிறகு, சாமியிடம் பூ வாக்குக் கேட்பது என்று முடிவாயிற்று. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டும் ஒரே மாதிரி இலையில் மடித்து சாமி முன் வைப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. ஆபீசர் அந்த நாள்வரை காத்திருக்கச் சம்மதித்தாள். எங்கள் ரூல் புத்தகத்தில் இது இல்லை, ஆனாலும் நானும் வந்து உட்காருகிறேன் என்றாள்.

பூ வாக்குக் கேட்க ஐந்து நாள் இருந்தது. பேசாமல் இருந்தால் சிவப்பு வந்துவிடும், எல்லாம் சரியாகப் போய்விடும் என்று விளக்குப் போடும்போதெல்லாம் வேண்டிக்கொண்டேன். சிவப்பு கொடு சாமி, சிவப்பு கொடு. பாத்திரம் தேய்க்கும்போதும் அதே வேண்டுதல்தான்.

எங்கள் ஊரில் பொட்டலம் எடுப்பது சுமங்கலி. பூசாரி கூட்டத்தைப் பார்த்தார், என்னைக் கூப்பிட்டார். தவறாமல் விளக்குப் போடுகிறவள், அந்தக் குழியில் வேலை செய்தவளும்கூட, இவளே எடுக்கட்டும் என்றார். நான் நகரவில்லை. வீட்டுக்காரர், "போ புள்ள, கூப்புடுறாங்கல்ல" என்று முதுகில் தள்ளினார்.

சாமி முன்னால் போய் நின்றேன். கற்பூரம் எரிந்தது. இரண்டு இலைப் பொட்டலம். கையை நீட்டினேன், நீட்டின கை அப்படியே நின்றது. வெள்ளை வந்தால் என் பொய்யால் சோலை போகும். சிவப்பு வந்தால்? இல்லாத ஒன்றுக்கு அவர் வேண்டாம் என்று பதில் சொன்னதாக ஆகும். நான் கட்டின முடிச்சுக்கு அவரை வந்து பதில் சொல்ல வைக்கிறேன். ஐந்து நாளாக அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

"இதுக்கு வாக்குக் கேக்க வேண்டாமுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பூசாரி என்ன என்றார். "அந்தப் பையில இருந்தது சாமி மண்ணு இல்லீங்க. எங்க காட்டு மண்ணு. நாந்தான் வழியில மாத்தினேன்."

பின்னால் யாரோ ஒருத்தர் சிரித்துவிட்டு, சிரிப்பை இருமலாக மாற்றினார். ஆபீசர் எழுந்து என் பக்கத்தில் வந்தாள்.

"பழைய மண்ண என்னக்கா பண்ணீங்க?"

"எடுத்த குழியிலயே போட்டுட்டேன் கண்ணு."

அவள் நோட்டைப் பிரித்துப் பழைய பக்கத்தைத் தேடினாள். கருமண் என்று எழுதின இடத்தில் விரலை வைத்தாள். "அப்ப நான் எழுதினது சரிதான்" என்றாள். முகத்தில் கோபம் இல்லை. பரீட்சையில் விடை சரி என்று தெரிந்த பிள்ளை முகம் மாதிரி இருந்தது, ஒரு நிமிஷம்தான். பிறகு மேலதிகாரிக்கு என்ன எழுதுவது என்ற யோசனை வந்திருக்க வேண்டும். உதட்டைக் கடித்தாள். "இத நான் எழுதித்தான் ஆகணும்க்கா. சோலைய விட்டுருவாங்க. ஆனா அந்த மண்ணு எங்க இருந்து வந்துச்சோ, அங்க பாக்கச் சொல்வாங்க."

பாருங்க என்றேன். வேறு என்ன சொல்வது?

பூசாரி இரண்டு பொட்டலத்தையும் பிரிக்காமலே எடுத்து சாமி காலடியில் வைத்தார். எதில் எந்தப் பூ இருந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. "சாமிக்கு வேல மிச்சம்" என்று மட்டும் சொன்னார். எனக்குத் தண்டனை என்று ஒன்றும் போடவில்லை. மூன்று வெள்ளிக்கிழமை விளக்குக்கு எண்ணெய் ஊற்றச் சொன்னார். அதை நான் எப்படியும் ஊற்றிக்கொண்டுதான் இருந்தேன்.

வீட்டுக்காரர் வழியெல்லாம் எனக்கு முன்னாலேயே நடந்தார். வீட்டுக்கு வந்து, கட்டிலில் சாய்ந்து, கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சாமி மண்ணக் காப்பாத்தப் போயி நம்ம மண்ணக் காட்டிக் குடுத்துட்ட."

"அடுத்தவங்க மண்ண எடுக்க மனசு வரலீங்க."

"எடுத்திருந்தா இன்னிக்கி யாரு ஊட்டுலயும் சண்ட இல்ல." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்ததும் இடுப்பு பிடித்துக்கொண்டது. தைலம் தேய்க்கச் சொல்லித் திரும்பிப் படுத்தார். தேய்த்துவிட்டேன். அதன் பிறகு நாலு நாள் என்னோடு பேச்சில்லை.

பக்கத்து வீட்டுக்காரி சும்மா இருப்பாளா? தண்ணீர் பிடிக்கப் போனால், "ஏனுங்க அக்கா, உங்க காட்டுக் கெழங்கத் தின்னா வயித்துக்குள்ள அலுமினியக் குண்டான் மொளைக்குமாமே" என்றாள். ஆமாம், உனக்கு மூடி மட்டும் தனியாகச் செய்து தருகிறேன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் காலத்தில் இதே அலுமினியத்துக்காக மேல்முகட்டில் சிவப்புக் கல் வெட்டி லாரி லாரியாக இறக்கினதைப் பார்த்தவர்கள் சிரிக்கவில்லை.

புரட்டாசி கடைசியில் எங்கள் காட்டில் நாலு குழி வெட்டினார்கள். விளைந்து நின்ற கிழங்கில் இரண்டு வரிசை போயிற்று. குழி வெட்டவும் பை சுமக்கவும் நானே போனேன். எங்கள் மண்ணை அடுத்தவள் தலையில் ஏற்றி அனுப்ப மனசில்லை. அன்று காலை நான் கிளம்பும்போது வீட்டுக்காரர் கட்டிலில் இருந்தபடியே, என் முகத்தைப் பார்க்காமல், "ஓடையில கருமண்ணு கெடக்குது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்குப் புரிந்தது. ஒரு தடவை மாற்றின கை, இன்னொரு தடவை மாற்றாதா?

குழியில் எல்லாம் அந்தப் புளியங்கொட்டைக் கல்தான். ஆபீசர் எச்சில் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது போல. நான் கலந்து, நாலு பங்காகப் பிரித்துக் கொடுத்தேன். ஆபீசர் தன் கையாலேயே பை கட்டினதும், இந்த அம்மாகிட்ட இனிமேலுமா குடுக்குறீங்க மேடம் என்று டிரைவர் கேட்டார், நான் நிற்பது தெரிந்தே. ஆபீசர் அவரைப் பார்க்காமல் நாலு பையையும் என் கூடையில் வைத்தாள். "நீங்களே கொண்டுவாங்கக்கா, நாங்க முன்னாடி போறோம்."

வரப்பைத் தாண்டும்போது நின்று, இரண்டு காலையும் தட்டினாள்.

"இங்க வேண்டாம் கண்ணு. இது சாமி எடமில்ல."

"பழகிப்போச்சுக்கா" என்று போய்விட்டாள்.

அவர்கள் தலை மறைந்ததும் நான் ஓடைக்கரையில் கூடையை இறக்கினேன். தண்ணீர் கொஞ்சமாக ஓடியது. கரை ஓரம் கருமண் ஈரமாகக் கிடந்தது. சோலை மண் மாதிரி இல்லை, ஆனால் சிவப்பில்லை. நாலு முடிச்சு. முன்பு ஒரு முடிச்சை அவிழ்த்துக் கட்ட எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று? இந்தக் காட்டை வைத்துத்தான் மகளைக் கட்டிக்கொடுத்தோம், வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் பார்த்தோம். இதை விட்டால் எங்களுக்கு மலையில் ஒரு சாண் இடம் கிடையாது. உட்கார்ந்திருந்தேன். கை நீளவில்லை.

நேர்மை என்று இதைச் சொல்லமாட்டேன். அசதி. மறுபடி ஒரு பொய்யை மடியில் கட்டிக்கொண்டு, அதற்கும் சேர்த்து விளக்குப் போட்டு, யார் ஜீப்பில் வந்தாலும் பயந்து, டம்ளரைத் திரும்பத் திரும்பக் கழுவ என்னால் முடியாது. சாமி, என்னால் முடியாது என்று வாய்விட்டே சொன்னேன். சும்மாட்டைச் சரி செய்து, எட்டுக் கிலோதான் என்றாலும் அன்றைக்குத் தூக்க முடியாமல், முட்டி போட்டு, கரைக் கல்லில் கூடையை வைத்து எப்படியோ தலைக்கு ஏற்றினேன்.

இதை எழுதுகிற இந்த மார்கழி வரைக்கும் முடிவு வரவில்லை. குழிகளை நானே மூடிவிட்டேன். அவர்கள் அடித்த முளைக்குச்சி மட்டும் நாலு இடத்தில் நிற்கிறது, பிடுங்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். சுற்றிக் கிழங்குக் குச்சியைக் கரணையாக வெட்டி நட்டுவிட்டேன். ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் வீட்டுக்காரர் தலையைத் தூக்குவார். டூரிஸ்ட்டு வண்டி என்றால் மறுபடி படுத்துக்கொள்வார். ஓடையில் என்ன செய்தேன் என்று அவர் இன்றுவரை கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

அன்று ஜீப்பருகே போனபோது எனக்கு மூச்சு வாங்கியது. ஆபீசர் ஒவ்வொரு பையாக வாங்கிப் பெட்டியில் அடுக்கினாள். நம்பரை மட்டும் பார்த்து நோட்டில் டிக் அடித்தாள். அவள் பார்க்கவேண்டும் என்று எனக்கு இருந்தது.

"முடிச்சப் பாரு கண்ணு" என்றேன். "நீ போட்ட முடிச்சுதானான்னு பாத்துக்கோ."

"பாத்துட்டேன்க்கா" என்றாள், பார்க்காமலே, பெட்டியை மூடியபடி.